'பாபி' (1973) இந்திப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் கொஞ்சம் நீளமான பதில்களும்

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். பம்பாயில் நாத் என்று ஒரு பெரும் பணக்காரர் (பிராண்). அவருக்கும் மனைவிக்கும் தொழில், விருந்து என்றே பொழுது போய்விடுவதால் மகன் ராஜை விடுதிப் பள்ளியில் போட்டுவிடுகிறார்கள். அவன் (ரிஷி கபூர்) படிப்பை முடித்துத் திரும்பி வருகிறான். சின்ன வயதில் தன்னை வளர்த்த ஆயா பிரகன்சா அம்மாவை (துர்கா கோட்டே) பார்க்கப் போன இடத்தில் அவருடைய பேத்தி பாபி (டிம்பிள் கபாடியா) கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான், விழுந்துவிடுகிறான். பாபியின் அப்பா ஜாக் (பிரேம்நாத்) கோவாவில் மீன்பிடிப்பவர், குடியும் பாட்டுமாக வாழ்கிற ஒரு பெரிய மனசுக்காரர். சம்பந்தம் பேச வந்த ஜாக்கை நாத் அவமானப்படுத்தி அனுப்ப, மகனுக்கு வேறொரு பணக்கார வீட்டில் நிச்சயம் செய்ய, இருவரும் ஓடிப்போகிறார்கள். மகனைக் கண்டுபிடித்துத் தருபவருக்குப் பரிசு என்று நாத் அறிவித்ததும் ஒரு ரவுடிக் கும்பல் துரத்துகிறது. மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.

இயக்கம் ராஜ் கபூர். கதை கே. ஏ. அப்பாஸ், திரைக்கதையில் அவரோடு வி. பி. சாத்தே. 1973 செப்டம்பரில் வெளியாகி அந்த ஆண்டின் மிகப் பெரிய வசூல் படமானது.

மகன் ரிஷியை அறிமுகப்படுத்தத்தானே ராஜ் கபூர் இதை எடுத்தார்?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் ரிஷியே அதைப் பலமுறை மறுத்திருக்கிறார். 1970-ல் வந்த 'மேரா நாம் ஜோக்கர்' ராஜ் கபூரைக் கடனில் மூழ்கடித்துவிட்டது. சுமார் ஆறு வருடம் இழுத்த படம், நாலு மணி நேரத்துக்கும் மேலே ஓடும், இரண்டு இடைவேளை. இன்று அதைக் கொண்டாடுகிறோம், அன்று ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கடனை அடைக்க ஒரு படம் வேண்டியிருந்தது. இளவயதுக் காதல் கதை என்று முடிவானது, ஆனால் அப்போது உச்சத்தில் இருந்த ராஜேஷ் கன்னாவைப் போடக் கையில் காசில்லை. வீட்டில் ஒரு பையன் சும்மா இருந்தான். ரிஷி சொன்னதன் சாரம் இதுதான்.

படத்தின் பெயரையும் பாருங்கள். பையனை அறிமுகப்படுத்தும் படத்துக்கு யாராவது பெண்ணின் பெயரை வைப்பார்களா?

இந்த விடலைக் காதல் யோசனை எங்கிருந்து வந்தது?

ராஜ் கபூர் ஆர்ச்சி காமிக்ஸ் நிறையப் படிப்பாராம். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் காதலும் சண்டையும்தான் அந்தக் கதைகள். அதற்கு முன்பு இந்திப் படத்துக் காதலர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆட்கள், கல்லூரி மாணவன் என்று சொல்லிக்கொண்டு முப்பத்தைந்து வயது நாயகன் புத்தகத்தோடு வருவார். (நம்மூரிலும் அதே கதைதான், பெயர் வேண்டாம்.) 'பாபி' வெளியானபோது ரிஷிக்கு 21, டிம்பிளுக்கு 16. அந்த வயதுக் குறும்பும் அவசரமும் திரையில் அப்படியே தெரிந்ததால்தான் கூட்டம் கூடியது.

பாபியின் அப்பா வசதியாகத்தானே இருக்கிறார்? பிறகு இதை எப்படி அந்தஸ்து வித்தியாசக் கதை என்கிறீர்கள்?

நல்ல கேள்வி, என்னைக் கேட்டால் படத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஜாக் பிரகன்சா பசியில் கிடப்பவர் இல்லை. பாபி உடுத்தும் துணிமணியில் வறுமையின் சுவடே கிடையாது. ஏழ்மையைக் காட்டிக் கண்ணீர் வரவழைக்கிற வேலையில் ராஜ் கபூர் இறங்கவே இல்லை. சோற்றுக்கும் கூழுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் படம் பேசவில்லை. ஒரு வீட்டில் யார் முன்வாசல் வழியாக வரலாம், யார் வரக் கூடாது என்பதைத்தான் பேசுகிறது.

பாபி வெறும் 'ஏழைப் பெண்' இல்லை, ஆயாவின் பேத்தி. ராஜை வளர்த்தது அந்த ஆயா. பெற்றவர்களுக்கு நேரமில்லாத வீட்டில் அவனுக்குக் கிடைத்த பாசம் கொஞ்சநஞ்சம் என்றாலும் அது அவர் மூலமாகத்தான் கிடைத்தது. பையன் பெரியவனானதும் அவர் வேலை முடிந்துவிட்டது, அந்த வீட்டு விருந்துகளில் அவருக்கு இடம் கிடையாது. அவன் திரும்ப அவரைத் தேடிப் போகிறான், அந்த வீட்டு வாசலில்தான் காதல் வருகிறது. அவன் தேடிப்போனது பெண்ணையா வீட்டையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாத் கோபப்படுவதும் அதனால்தான். மகன் ஒரு மீன்காரர் மகளைக் காதலிக்கிறான் என்பதைக்கூடப் பொறுத்திருப்பாரோ என்னவோ, தன் சம்பளப் பட்டியலில் இருந்த ஒரு குடும்பம் சம்பந்தி ஆவதை அவரால் தாங்க முடியவில்லை.

நாத் ஜாக்கிடம் பேசும் காட்சியில் இது அப்பட்டமாக வரும். உன் மகளின் அழகைக் காட்டி என் பையனை வளைத்துப் போடப் பார்க்கிறாய் என்று சொல்லி, விலகிப்போகப் பணம் தர முன்வருவார். ஜாக் குமுறிப்போய்த் திருப்பிக் கொடுப்பார். பிராண் குரலை உயர்த்தாமல் குத்துவார், பிரேம்நாத் உடம்பு முழுக்க வெடிப்பார். படத்தில் சிறந்த நடிப்பு இளசுகளுடையது இல்லை, இந்த இரண்டு அப்பாக்களுடையதுதான் என்பேன்.

இன்னொரு வேடிக்கை. 'ஆயா' என்று நாம் சொல்கிறோமே, அது போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொல். பிரகன்சா என்பதோ போர்ச்சுகலை 1640 முதல் 1910 வரை ஆண்ட அரச வம்சத்தின் பெயர். வேலைக்கார அம்மாவின் குடும்பப் பெயரில் ஒரு அரச பரம்பரையே உட்கார்ந்திருக்கிறது! வேண்டுமென்றே வைத்தது என்று சொல்ல மாட்டேன், கோவாவில் சாதாரணமாகக் காணப்படும் பெயர்தான் அது, ஆனாலும் நாத் வீட்டு ஜம்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்து சிரிப்பு வரும்.

இந்து பையன், கிறிஸ்தவப் பெண். மதம் ஒரு பிரச்சினையாகவே வரவில்லையே?

வருகிறது, ஆனால் ஓரமாக. நாத் வாய் திறந்தால் பணத்தையும் குலப்பெருமையையும் பற்றித்தான் பேச்சு. அப்பாஸ் இடதுசாரிச் சிந்தனை உள்ளவர், 'ஆவாரா' (1951), 'ஸ்ரீ 420' (1955) இரண்டிலும் ராஜ் கபூருக்கு எழுதியவர். அவருக்குச் சண்டை எப்போதும் பணத்தோடுதான்.

அந்தப் படங்களோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். 'ஆவாரா'வில் ஏழை ராஜ் பணக்கார வீட்டில் வளர்ந்த பெண்ணைக் காதலித்தான், கேமரா தெருவில் நின்று மாளிகையைப் பார்த்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து அதே பெயருள்ள பையன் மாளிகைக்குள் பிறந்து வெளியே ஓடுகிறான். எழுதியவரும் எடுத்தவரும் அதே ஆட்கள். கேமரா நிற்கும் இடம்தான் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மதம் வெளிப்படையாக வருவது நரேந்திர சஞ்சல் பாடிய பாட்டில். கோவிலை இடி, மசூதியை இடி, அன்பு நிறைந்த மனசை மட்டும் உடைத்துவிடாதே என்று போகும். இன்றைக்கு அந்த வரியை ஒரு படத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா?

மாவு அப்பிய கூந்தல் காட்சி நர்கிஸைப் பற்றியது என்கிறார்களே, உண்மையா?

ஆமாம். நர்கிஸ், ராஜ் கபூரோடு பல படங்களில் ஜோடியாக நடித்தவர், அவர் காதலித்தவர். ராஜ் கபூர் முதல்முறை அவர் வீட்டுக்குப் போனபோது, உள்ளே பக்கோடா போட்டுக்கொண்டிருந்த நர்கிஸ் கடலைமாவுக் கையோடு கதவைத் திறந்து, விழுந்த முடியை அதே கையால் ஒதுக்க, மாவு தலையில் ஒட்டிக்கொண்டதாம். கால் நூற்றாண்டு அந்தக் கணத்தை மனசில் வைத்திருந்து, சொந்த மகனை வாசலில் நிறுத்தி, பாபி கதவைத் திறக்கிற காட்சியாக அப்படியே எடுத்தார். மனைவி கிருஷ்ணா இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு. ஏனென்றால் ஜாக்காக நடித்த பிரேம்நாத் கிருஷ்ணாவின் சொந்த அண்ணன். ரவுடியாக வரும் பிரேம் சோப்ரா கிருஷ்ணாவின் தங்கை கணவர். படம் முழுக்க அவர் பிறந்த வீட்டு ஆட்கள்!

பாடல்களில் முகேஷ் ஏன் இல்லை?

ராஜ் கபூரின் குரல் முகேஷ். ராஜ் கபூர் திரையில் இல்லாதபோது அந்தக் குரலும் வேண்டாம் என்றாகிவிட்டது. இசையும் மாறியது. அவருடைய வழக்கமான இசையமைப்பாளர்களான சங்கர்-ஜெய்கிஷன் ஜோடியில் ஜெய்கிஷன் 1971-ல் இறந்துவிட்டார், ஜோக்கரும் தோற்றிருந்தது, லக்ஷ்மிகாந்த்-பியாரேலாலிடம் போனார்கள். ரிஷிக்குப் பாட சைலேந்திர சிங் என்ற புது இளைஞரைக் கொண்டுவந்தார்கள். தேர்ந்த பாடகரின் மெருகு இல்லாத குரல், பதினெட்டு வயதுப் பையன் வாய்க்கு அதுதான் பொருந்தியது. 'நான் கவிஞன் இல்லை, ஆனால் உன்னைப் பார்த்ததும் கவிதை வந்துவிட்டது' என்று தொடங்குகிற பாட்டை முகேஷ் பாடியிருந்தால் நாற்பது வயதுக்காரர் சோகம் வந்து சேர்ந்திருக்கும்.

எந்தப் பாட்டு சிறந்தது?

ஊரே சொல்வது அறைக்குள் பூட்டப்படும் பாட்டு. 'நீயும் நானும் ஓர் அறையில் அடைபட்டு, சாவி தொலைந்துபோனால்' என்று அப்பாவி போலக் கேட்டுக்கொண்டு போகும், எழுதியவர் ஆனந்த் பக்ஷி. சாவிக்கு அப்புறம் காட்டில் சிங்கம் வந்தால் என்று வேறு கேட்பார்கள். 1973-ல் குடும்பத்தோடு போனவர்கள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நெளிந்திருப்பார்கள்.

என் கட்சி வேறு. ஜாக்கும் ராஜும் கோவாவில் பாடுகிற 'நா மாங்கூன் சோனா சாந்தி' எனக்கு உசத்தி, மன்னா டேயும் சைலேந்திர சிங்கும் பாடியது. பொன்னும் வெள்ளியும் கேட்கவில்லை, மாளிகை கேட்கவில்லை, மனசுக்குப் பதில் மனசைக் கொடு என்கிற மாதிரிப் பொருள். அதில் வரும் 'கே கே கே' என்கிற கோரஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? கோவாவில் 'தேக்ணி' என்று ஒரு நடனப்பாட்டு வகை உண்டு. அதில் மிகப் பிரபலமான கொங்கணிப் பாட்டில் ஆடல்பெண் ஒருத்தி ஓடக்காரனிடம் வந்து, அக்கரையில் கல்யாணம், என்னைக் கொண்டுபோய் விடு என்று கெஞ்சுகிறாள். அவன் மறுக்கிறான். தன் நகையைக் கழற்றி 'கே, கே, கே', அதாவது 'வாங்கிக்கோ, வாங்கிக்கோ' என்று நீட்டுகிறாள். எனக்கு வேண்டாம் என்கிறான். தங்கம் வேண்டாம் என்று சொல்கிற இந்திப் பாட்டுக்குள், தங்கத்தை நீட்டுகிற கொங்கணி வரி ஒளிந்திருக்கிறது. பின்னால் நாத் இதே ஜாக்கிடம் பணத்தை நீட்டும்போது அந்த 'வேண்டாம்' திரும்ப வருவதைக் கவனியுங்கள்.

'பொய் சொன்னால் காக்கா கொத்தும்' பாட்டும் கோவா வரிசையில் வருவதுதான். 'பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது' என்று வளர்ந்த நமக்குக் காக்கா கொஞ்சம் லேசான தண்டனையாகத் தெரியும்.

'பிரேம் நாம் ஹை மேரா' இந்தப் படத்து வசனமா?

இதேதான். 'பிரேம் என் பெயர், பிரேம் சோப்ரா.' படத்தில் அவருக்கு வேலை ரொம்பக் கம்மி, கடைசியில் வந்து துரத்திவிட்டுப் போகிறார். ஆனால் சொந்தப் பெயரையே வசனமாகச் சொன்ன அந்த ஒரு வரி ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது, அவருடைய வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்துக்கே அதுதான் தலைப்பு.

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு டிம்பிள் ஏன் காணாமல் போனார்?

படம் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பே, 1973 மார்ச்சில், ராஜேஷ் கன்னாவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆமாம், ராஜ் கபூரால் காசு கொடுத்துப் போட முடியாத அதே ராஜேஷ் கன்னா! நாடே பாபியைக் கொண்டாடியபோது பாபி நடிப்பை விட்டிருந்தார். ஃபிலிம்ஃபேர் விருது வந்தது, 'அபிமான்' படத்துக்காக ஜெயா பாதுரியும் அவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

திரும்பி வந்தது 1984-ல். அடுத்த வருடம், 1985-ல், 'சாகர்' வந்தது. மறுபடி கடலோரம், மறுபடி பணக்காரப் பையனாக ரிஷி, மறுபடி வசதி குறைந்த வீட்டுப் பெண்ணாக டிம்பிள். ஆனால் நடுவில் மீனவனாக நம்ம கமல்ஹாசன் நிற்கிறார், பணக்காரன் வந்ததும் ஒதுங்கிப்போகிறவராக. அந்த வருட ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகர் விருது கமலுக்கு, நடிகை விருது டிம்பிளுக்கு. 'பாபி'யில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை அந்தப் படம் கேட்டது என்பது என் எண்ணம். அந்தப் பெண்ணின் தெருவிலேயே அவளை நேசிக்கும் ஒருவன் இருந்தால் அவன் கதி என்ன? 'சாகர்' வந்த அடுத்த வருடமே டிம்பிள் தமிழில் 'விக்ரம்' படத்தில் இளவரசியாக வந்தது உங்களுக்குத் தெரியும்.

ரிஷி கபூர் விருதைக் காசு கொடுத்து வாங்கினாராமே?

அவரே 'குல்லம் குல்லா' என்ற தன் சுயசரிதையில் (2017) ஒப்புக்கொண்டிருக்கிறார், விலை 30,000 ரூபாய். அதே 1973-ல்தான் அமிதாப்பின் 'சஞ்ஜீர்' வந்தது. அந்த விருதால் அமிதாப் தன்மேல் வருத்தமாக இருந்திருப்பார் என்று பின்னாளில் அவருக்கே தோன்றியிருக்கிறது. படத்தில் அப்பாவின் பணத்தை உதறிவிட்டு ஓடுகிற பையனாக நடித்ததற்குத்தான் இந்தப் பரிசு.

தேர்தல் கூட்டத்தைக் கெடுக்க இந்தப் படத்தை டிவியில் போட்டார்களாமே?

1977 பிப்ரவரி. நெருக்கடி நிலைக்குப் பின் தேர்தல் அறிவித்தாயிற்று. மூத்த அமைச்சரான ஜகஜீவன் ராம் காங்கிரஸை விட்டு வெளியே வந்ததும் டில்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகளின் பெரிய கூட்டம். அன்று மாலை ஜனங்களை வீட்டிலேயே கட்டிப்போடத் தூர்தர்ஷனில் 'பாபி' ஒளிபரப்பினார்கள். அப்போது இதைவிடப் பெரிய தூண்டில் கிடையாது. ஆனாலும் மைதானம் நிரம்பி வழிந்தது. ஜகஜீவன் ராமை 'பாபு' என்றுதான் கூப்பிடுவார்கள், மறுநாள் செய்தித்தாளில் பாபியை பாபு வென்றார் என்கிற மாதிரித் தலைப்பு. ஒரு காதல் படத்துக்கு இதைவிடப் பெரிய அரசியல் மரியாதை கிடைக்காது.

வெளிநாட்டில் ஓடியதா?

சோவியத் யூனியனில் பிய்த்துக்கொண்டு ஓடியது, 6 கோடிக்கும் மேல் டிக்கெட். 'ஆவாரா' காலத்திலிருந்தே ராஜ் கபூர் அங்கே சொந்தக்காரர் மாதிரி.

காஷ்மீரில் குல்மர்க் போனால் பாபி குடிசையைப் பார்க்கலாமா?

பார்க்கலாம். சாவி தொலையும் பாட்டு எடுத்த குடில் அது, இன்றும் 'பாபி ஹட்' என்றுதான் பெயர். டிம்பிள் உடுத்திய பொட்டுப் பொட்டாக இருக்கும் துணியும் 'பாபி பிரிண்ட்' ஆனது. ராஜ்தூத் கம்பெனியின் குட்டி மோட்டார் சைக்கிளையும் ஜனங்கள் 'பாபி' என்றே கூப்பிட்டார்கள்.

இன்று பார்த்தால் எது உறுத்தும்?

நிறைய. டிம்பிளைக் கேமரா பார்க்கிற விதம் முதலாவது. நீச்சல் உடையில் நிற்கிற பெண் பதினாறு வயதுகூட ஆகாதவளோ என்கிற நினைப்பு வந்துவிட்டால் அந்தக் காட்சிகளை ரசிக்க முடியாது. அப்புறம், நாத் நிச்சயம் செய்கிற பணக்காரப் பெண்ணை (ஃபரிதா ஜலால்) மனவளர்ச்சி குன்றியவளாகக் காட்டி அதைச் சிரிப்புக்குப் பயன்படுத்தியிருப்பார்கள். பணத்துக்காக மகனை விற்கிறார் என்று காட்ட இது சுருக்கு வழி, ஆனால் கேவலமான வழி. கோவா கிறிஸ்தவர் என்றாலே புட்டியும் ஆட்டமும் உடைந்த இந்தியும் என்கிற அச்சை இந்திப் படங்களில் ஆழப் பதித்ததிலும் இதற்குப் பங்குண்டு. பிரேம்நாத் தன் நடிப்பால் அந்த அச்சுக்குள் ஒரு மனிதரை உட்காரவைத்தார், பின்னால் வந்தவர்கள் அச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, கடைசியில் என்ன ஆகிறது? (படம் பார்க்காதவர்கள் தாண்டிப் போங்கள்)

ரவுடிகளிடம் அடிபட்டு மீண்டு, அப்பாக்களும் வந்து சேர, இரண்டு பேரும் தண்ணீரில் குதித்துவிடுகிறார்கள். பின்னாலேயே அப்பாக்களும் குதிக்கிறார்கள். நாத் பாபியைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார், ஜாக் ராஜைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அவரவர் பிள்ளையை மாற்றி எடுத்து வருவதில் கதை முடிந்துவிடுகிறது.

முடிவு சுலபமாகிவிட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு, எனக்கும் அந்தக் குறை உண்டு. ராஜ் ஒரு நாள்கூட வேலை செய்து சம்பாதிப்பதில்லை. 1989-ல் 'மைனே பியார் கியா'வில் பணக்காரப் பையன் கல் உடைத்தாவது 2,000 ரூபாய் சம்பாதித்துக் காட்ட வேண்டியிருந்தது, இங்கே குதித்தால் போதும். ஆனால் நனைந்த கோட்டோடு ஆயாவின் பேத்தியைக் கையில் ஏந்தி வரும் பிராணின் முகத்தைப் பார்க்கும்போது குறை சொல்ல வாய் வராது.

இந்தி தெரியாமல் பார்க்கலாமா?

தாராளமாக. இரண்டே முக்கால் மணி நேரத்தில் வசனம் புரியாமல் தவறவிடுவது கொஞ்சம்தான். அந்த அப்பாக்கள் மோதும் காட்சிக்கு மட்டும் துணைஉரை போட்டுக்கொள்ளுங்கள்.